கல்கத்தா அதிர்ஷ்டமா?

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்து மூன்று மாசம் ஆச்சு. திட்டணும்னா திட்டிக்கோ. இங்கே எல்லோரும் சௌக்கியம். ராஜு இன்னும் அதே செருப்போடுதான் அலைகிறான்.

என்னைப் பேனா எடுக்க வைத்தது உன் கடைசி வரி. 1975இல் கல்கத்தாவில் நடந்த உலக டேபிள் டென்னிஸ் போட்டியில் ஹங்கேரிக்காரன் ஜோனியர் ஜெயித்தது குருட்டு அதிர்ஷ்டமாம்! யார்கிட்ட சொல்றே?

இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவின் ஸ்டிபான்சிச்சிடம் முதல் இரண்டு செட்டையும் தோற்றுவிட்டு, அடுத்த மூன்றையும் எடுத்தான். அப்போது செட்டுக்கு 21 புள்ளி. மூன்று செட் தொடர்ந்து அதிர்ஷ்டம் வருமா? அதுவும் எதிரில் இடக்கை ஆட்டக்காரன். இடக்கையன் குறுக்கே போடும் ஃபோர்ஹேண்ட் லூப் (பந்தை உரசிச் சுழலவிடும் அடி), ஜோனியர் மாதிரி வலக்கையனின் பேக்ஹேண்ட் மூலையில் விழுந்து வெளியே ஓடும். சுற்றிப் போய் ஃபோர்ஹேண்டால் அடித்தால் வலது பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். கால் ஒரு அடி பிந்தினாலும் புள்ளி போச்சு. 1953இல் சீடோவுக்குப் பிறகு ஆண்கள் ஒற்றையர் பட்டம் ஹங்கேரிக்குப் போனது அன்றைக்குத்தான். அதே ஊரில் சக ஹங்கேரிக்காரன் கெர்கெயோடு சேர்ந்து இரட்டையரையும் தூக்கினான். நகோயாவில் 1971இலேயே, இருபது வயசில், இன்னொரு ஹங்கேரிக்காரன் கிளாம்பாரோடு இரட்டையர் பட்டம் எடுத்தவன் அவன்.

பந்தை விசையாக அடிப்பது வேறு, லூப்பில் உரசிச் சுழற்றுவது வேறு. மேஜையை விட்டுத் தள்ளி நின்று, முழங்காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி, மட்டையைத் தாழ இறக்கி மேலும் முன்னுமாக வீசணும். பந்தின் நடுவைத் தட்டினால் சுழற்சி வராது. மேல்பாகத்தை மட்டையின் ரப்பர் வழித்துப் போகணும். சுழற்சியோடு வரும் பந்தை மட்டையைச் சாய்க்காமல் தடுத்தால் எகிறி மேஜைக்கு வெளியே போய் விழும். இந்த லூப் ஆட்டத்தை வைத்துத்தான் ஜோனியர், கிளாம்பார், கெர்கெ மூவரும் 1979இல் பியோங்யாங்கில் சீனாவை 5-1 என்று வென்று, 27 வருஷத்துக்குப் பிறகு உலக அணிக் கோப்பையை வாங்கினார்கள்.

உன் பையன் கேட்ட பசை விஷயம். மட்டையில் ரப்பரை ஒட்ட, பந்துக்கு வேகம் கூட்ட, அந்தக் காலத்தில் தடவிய வேகப் பசை சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் ஜாதிதான். ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சில் மெல்லிசாகத் தடவி, உலரவிட்டு, திரும்பத் தடவணும். ஸ்பாஞ்ச் உப்பி, ரப்பர் இழுபட்டு நிற்கும். பந்து பட்டால் 'டக்'கென்று தனிச் சத்தம். சில மணி நேரத்தில் வேகம் இறங்கிவிடும். ஆட்டத்துக்கு ஆட்டம் உரித்து ஒட்டணும். ஈரத்தோடு ஒட்டினால் ரப்பர் ஷீட் நழுவும். அதிகம் தடவினால் ஓரம் சுருண்டு, தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். அப்புறம் மட்டை செல்லாது.

கிண்டலை விடு, இதை மட்டும் கேள். அந்தப் பசையிலிருந்து கிளம்பும் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. 2008இல் சர்வதேச டேபிள் டென்னிஸ் சங்கம் தடை செய்ததே அதனால்தான். பையன் பழைய டப்பா எதையாவது தேடிப் பிடித்திருந்தால் வாங்கிக் குப்பையில் போடு. தண்ணீர்ப் பசை போதும். ரப்பரைப் பிடுங்காமல் மெதுவாக உரிக்கச் சொல். பிடுங்கினால் மரச் சிலாம்பும் கூடவே வரும்.

அதிர்ஷ்டம்னு எழுதினதை வாபஸ் வாங்கி அடுத்த தபாலில் போடு.

உன்,
கோபு