சாவா மருந்து தின்ற அரசர்கள்

அன்புள்ள முருகேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு.

ஓய்வுக்குப் பிறகு என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். சீனத்துத் தாங் வம்சம். சாவா மருந்து தின்றே செத்த அரசர்களின் கதை என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த மருந்தின் மூலப்பொருள், நம் சித்த வைத்தியர்கள் சொல்லும் சாதிலிங்கம்தான். சூடாக்கினால் சிவப்புக் கல்லிலிருந்து பாதரசம் பிரிந்து ஓடும். அதையே கந்தகத்தோடு சேர்த்துப் பதமாக எரித்தால் பழைய சிவப்பு திரும்பிவிடும். வேதியியல் வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், அவர்கள் கண்டது பொய்யில்லை. செடி எரிந்தால் சாம்பல். இது மட்டும் அழிந்து அழிந்து பிறக்கிறது. தின்றால் உடம்புக்கும் அந்தக் குணம் வரும் என்று நினைத்ததில்தான் உயிர் போனது.

ஷியான்சோங் என்ற பேரரசர் மருந்து தின்று சிடுசிடுப்பு முற்றி, அருகில் இருந்தவர்கள் நடுங்கும் நிலைக்குப் போனார். 819-இல் பெய் லின் என்ற அதிகாரி துணிந்து எழுதினார்: மருந்து செய்தவனே முதலில் ஓராண்டு தின்று காட்டட்டும். எவ்வளவு நேர்மையான சோதனை! அவரைப் பதவியிறக்கி வெளியூருக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே பேரரசர் இறந்தார். அரண்மனை அலிகள் கொன்றதாகப் பேச்சு.

மகன் முசோங் பட்டத்துக்கு வந்ததும் தந்தைக்கு மருந்து செய்த ரசவாதி லியு பியை அடித்தே கொல்லச் சொன்னார். பிறகு தாமும் அதே வகை மருந்தைத் தின்றார். 824-இல், முப்பது வயதுக்குள் முடிந்துவிட்டார். பின்னால் பேரரசரான வூசோங்கோ, மருந்து தின்று உடம்பு வற்றிக் கிடந்தபோது, மருந்து வேலை செய்து எலும்பு மாறுகிறது என்று தாவோ சமயத் துறவிகள் சொன்னதை நம்பினார். 846-இல் போனார். அடுத்து வந்த ஷுவான்சோங், வூசோங்கின் குருவான ஜாவ் குய்ஜென்னைக் கொன்றார். 859-இல் அவரும் மருந்தாலேயே இறந்தார்.

முருகேசா, இதுதான் என்னைக் குடைகிறது. கண்ணெதிரே செத்ததைப் பார்த்தும் ஏன் தின்றார்கள்? மருந்து செய்தவனைப் பொய்யன் என்று கொன்றுவிட்டால் மருந்து குற்றமற்றதாகத் தப்பிவிடுகிறது என்றே எனக்குப் படுகிறது. தவறு ஆளுடையது, அடுத்த ஆள் சரியாகச் செய்வான் என்ற நம்பிக்கை. நீ வரலாற்று வாத்தியார், உனக்கு என்ன தோன்றுகிறது? எழுது.

சின்னவளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பத்திரிகை பின்னாலேயே வரும்.

அன்புடன்,
சண்முகம்