பழைய மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், போஷகர், கல்லூரி முதல்வர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டம் பின்னேரம் 4 மணிக்கென்று அறிவிக்கப்பட்டது. நடப்பெண், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச அங்கத்தவர் தொகை, சேரும்போது 5.30. இந்தத் தாமதத்தை ஆண்டறிக்கையில் பதியவேண்டும் என்று வற்புறுத்திய அங்கத்தவர், அதற்குப் பின் நடந்த எந்த நிர்வாகசபைக் கூட்டத்துக்கும் வரவில்லை. அதையும் பதிகிறேன்.

யூலை 19, சுவாமி விபுலானந்தர் நினைவு தினத்தன்று மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சமாதியில் மலரஞ்சலி செய்தோம். வாணி விழாவுக்கு அவலும் கடலையும் எமது செலவு. மாரிக்கு முன் சிரமதானம் நடந்தது. அச்சுப்பதிப்பு அறையின் இயந்திர உருளையில் உப்புக்காற்றுப் பட்டுத் துரு ஏறியிருந்ததால், சுரண்டி எண்ணெய் பூசிப் போர்த்திவிட்டோம்.

இனிச் சித்திரக்கூடம். அங்குள்ள யன்னல்கள் மேற்குப் பார்த்தவை. இரண்டு மணிக்கு ஒரு பானையை வைத்துக் கீறத் தொடங்கும் பிள்ளை முடிக்கும்போது நிழல் வேறிடத்தில் கிடக்கும். யன்னலைச் சாத்தி ரியூப் லைற் போட்டால் நிறம் பொய் சொல்லும். நேர் வெயில் படாமல் வெளிச்சம் ஒரே சீராக இருக்க வடக்குச் சுவரில் உயரமாக யன்னல் வைப்பதே பூமத்தியரேகைக்கு வடக்கேயுள்ள நாடுகளில் ஓவியக்கூடங்களின் வழக்கம். நான் அதைப் பிரேரித்தபோது, “புத்தகத்தைப் பார்த்துச் சொல்றீங்க சேர்” என்றார்கள். புத்தகத்தை மட்டும் பார்க்கவில்லை. மட்டக்களப்பில் சித்திரை முற்பகுதியில் உச்சியைத் தாண்டும் சூரியன் ஆவணிக் கடைசி வரை வடபக்கமாகவே போகிறது. அந்த மாதங்களில் வடக்கு யன்னலிலும் நேர் வெயில் விழும், வெக்கையான கச்சான் காற்றுக் காலமும் அதுதான். ஆகவே யன்னலுக்கு மேல் மறைப்பும் இரு பக்கமும் நிலைக்குத்துப் பலகையும் சேர்த்தே வரைபடம் கொடுத்தேன்.

வாடைக்காற்று மழை நேரே அடிக்குமே என்றார் ஒருவர். நியாயம், கண்ணாடியைத் திறக்காதபடி பொருத்துவோம், காற்றுக்குப் பழைய யன்னல்கள் இருக்கின்றன. 1978 கார்த்திகைச் சூறாவளியைக் கண்ட மூத்த அங்கத்தவர், நீட்டிய மறைப்பைக் காற்றுத் தூக்கிவிடும் என்றார். ஆண்டு முழுவதும் நான் கேட்ட ஒரே பயனுள்ள எதிர்ப்பு அதுதான். மறைப்பின் நீளத்தைக் குறைத்து, சுவரின் கொங்கிறீற் வளையத்தோடு பிணைக்கும்படி மேசனிடம் சொல்லியிருக்கிறேன். இரும்பு வேண்டாம், மரச்சட்டம். கடற்காற்றில் இரும்பு நிலைக்காது என்பதை அச்சு இயந்திரமே காட்டிவிட்டது.

இதற்கிடையில் வாசலில் வளைவு கட்டவேண்டும் என்ற யோசனை எழுந்தது. வளைவில் பெயர் பொறிக்கலாம், யன்னலில் பொறிக்க இடமில்லை. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

நடன மண்டபத்துக்கு மரத்தளம் கேட்டு ஆசிரியைகள் கடிதம் தந்துள்ளார்கள். சீமெந்துத் தரையில் தட்டடவு போட்டால் முழங்கால்தான் தாங்கவேண்டும். கீழே சட்டமடித்துக் காற்றிடைவெளி விட்ட பலகைத்தளம் அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும். செலவு பெரிது, அடுத்த நிர்வாகம் ஆராயட்டும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மட்டும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. கூத்தாடும் வட்டக்களரிக்கு மண் போதுமாம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு செலவைச் சற்றே மிஞ்சியது, அந்த மிச்சம் தச்சருக்கு முற்பணம் கொடுக்கவும் போதாது. சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. வெளிநாட்டிலுள்ளவர்கள் வட்ஸ்அப் குழுவில் பெருவிரல் காட்டி உற்சாகப்படுத்துகிறார்கள், நன்றி. உள்ளூரில் இருப்பவர்களிடம் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு போனால் “மறுகா பாப்பம்” (பிறகு பார்ப்போம்) என்கிறார்கள். தேநீரும் குடிக்கத் தருகிறார்கள், குறை சொல்லவில்லை.

தலைவருக்கும், நிர்வாகசபையினருக்கும், கூட்டத்துக்கு மண்டபம் தந்த முதல்வருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் செயலாளர் பதவியை இளையவர் ஒருவர் ஏற்பது நல்லது. ஒருவரும் முன்வராவிட்டால், யன்னல் வேலை முடியும்வரை இருக்க எனக்கு ஆட்சேபனை இல்லை. மாரி தொடங்கினால் சுவரை உடைக்க முடியாது, புரட்டாதிக்குள் மரம் எடுத்தாகவேண்டும். பொருளாளர் வாசலோர மேசையில் இருப்பார், நிலுவைச் சந்தாவும் வாங்குவார்.

செயலாளர்