பொருள்: ஒலிச்சொல் விளக்கம் தப்பும் தவறுமாக வருவது – சந்தாவைத் திருப்பித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானியக் காமிக்ஸில் படத்தோடு எழுதியிருக்கும் ஒலிச்சொற்களுக்கு ('டமால்' மாதிரி) உங்கள் ஆப் பொருள் காட்டும் பச்சைப் பெட்டி இன்னும் தப்பாகத்தான் வருகிறது. அப்டேட் போட்டாயிற்று, ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியாயிற்று, சாட்டில் ஆள் மாற்றி ஆள் வந்து அதே ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்டு வாங்கியாயிற்று.

யாரும் வாய் திறக்காத ஒரு படக்கட்டம். நடுவில் பெரிதாக 'ஷீன்'. ஜப்பானியக் காமிக்ஸில் நிசப்தத்துக்குப் போடுவது இது. உங்கள் பெட்டி 'காட்சி' என்கிறது. ஆங்கில 'சீன்' என்பதையும் அவர்கள் கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்தில் இப்படியே எழுதுவதால், படத்தைப் பார்க்காமல் அகராதியில் அகப்பட்டதை ஒட்டிவிட்டீர்கள். மடியில் படுத்த பூனை 'கோரோகோரோ' என்றால் இடி முழக்கமாம்! இடிக்கும் அதே சொல்தான், வெட்டியாகப் புரண்டு கிடப்பதற்கும் அதுதான். கட்டத்தைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

"சத்தத்துக்கெல்லாமா சார் அர்த்தம் பார்ப்பீங்க? டமால்னா டமால்தானே" என்று சிரித்தார் உங்கள் தொலைபேசி ஊழியர். மினுமினு என்பது எந்தச் சத்தம் ஐயா? இரட்டைக்கிளவி படித்த பள்ளிப் பிள்ளையிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஊழியர் மன்னிப்புக் கேட்காமல் நான் இதை விடப்போவதில்லை.

எழுத்தையே சரியாகப் படிப்பதில்லை. மேலிருந்து கீழாக எழுதும்போது நெடிலைக் காட்டும் கோடும் செங்குத்தாக நிற்கும். அதைக் கட்டத்தின் ஓரக்கோடு என்று ஆப் தள்ளிவிடுகிறது. முறைத்துப் பார்ப்பதற்கான 'ஜீ' வெறும் 'ஜி' ஆகி, 'பொருள் இல்லை' என்று வருகிறது. ஒலி சட்டென்று அறுபடுவதைக் காட்டும் சின்ன 'ட்சு'வைப் பெரிய எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. எழுத்தின் வலது மேல் மூலையில் இரண்டு சிறு கோடு இருந்தால்தான் வழவழப்பைச் சொல்லும் 'சரசர', சொரசொரப்பைச் சொல்லும் 'ஜரஜர' ஆகும். நிழலுக்கு வைத்த புள்ளிகளை அந்தக் கோடுகளாக எண்ணி, நாயகியின் வழவழப்பான கூந்தலைச் சொரசொரப்பாக்கிவிட்டீர்கள்.

தயவுசெய்து கவனியுங்கள்: ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று பொருள் இருந்தால் எல்லாவற்றையும் காட்டுங்கள், மூல எழுத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். வாசகரே பார்த்துக்கொள்வார். அதுவரை இது ஏமாற்று வேலைதான். ஒரு வருஷச் சந்தாவோடு, இதை நம்பி வாங்கிய காமிக்ஸ் தொகுதிகள் அத்தனையும் பாழ்.

15 நாளில் முழுப் பணமும் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவாகும். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பக்க எண்ணோடு ஸ்கிரீன்ஷாட்டுகள் இணைத்துள்ளேன். மறுபடி அனுப்பச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
சந்தாதாரர்