அணைந்து அணைந்து எரியும் எஞ்சின் விளக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் காரில் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்ததையும், காரின் கணினி பதிந்த பழுதுக் குறியீட்டை (‘கோடு’) கையிலிருந்த ஸ்கேனரால் நீ அழித்ததையும், பத்து நாளில் அது மறுபடியும் வந்து நின்றதையும், இப்படியே நான்கு முறை ஆகிவிட்டதையும் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னை நினைத்து அல்ல, என்னை நினைத்துத்தான். சென்ற ஆண்டு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நானும் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

என் காரில் வந்த கோடு பி0171. எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஆனால் அதைப் பார்த்த முதல் மெக்கானிக், கலவையை அளப்பது ஆக்சிஜன் சென்சார்தானே என்று அதை மாற்றினார். இரண்டு வாரத்தில் விளக்கு திரும்ப எரிந்தது. அடுத்தவர் காற்றை அளக்கும் சென்சாரைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதையும் மாற்றினார். விளக்கு அசரவில்லை. புகார் கொடுக்க வந்தவனையே பிடித்து உள்ளே வைத்த கதைதான் அது. பழுது எங்கேயோ இருக்க, அதைக் கண்டு சொன்ன சென்சாரைத் தண்டித்துக்கொண்டிருந்தோம். கெட்டுப்போன பாகத்தின் பெயரைக் கோடு சொல்வதில்லை. எந்த அளவு வரம்பு மீறியது என்பதை மட்டுமே சொல்கிறது. இது எனக்குப் புரிவதற்குள் இரண்டு நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போய்விட்டன.

நீ செய்துவரும் தவறு இன்னொன்று. நானும் அதைச் செய்தேன். கோடு பதிவாகும் அந்த நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதைக் கணினி ஒரு படம் போலப் பிடித்து வைக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஸ்கேனரில் பார்த்திருப்பாய். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்) வெப்பம், ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை), வேகம், எஞ்சின் மீதான சுமை, ஃப்யூயல் டிரிம் ஆகிய எல்லாம் அதில் இருக்கும். கோடை அழிக்கும்போது இதுவும் சேர்ந்து அழிந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலும் அதே கதைதான். தடயத்தைத் துடைத்துவிட்டுத் திருடனைத் தேடுவதற்குச் சமம்.

ஐந்தாவது முறை விளக்கு எரிந்தபோது, எதையும் அழிக்காமல் அந்தப் பக்கத்தை முதன்முறையாகப் பொறுமையாகப் படித்தேன். கூலன்ட் 58 டிகிரி, ஆர்பிஎம் 760, வேகம் சுழியம், ஃப்யூயல் டிரிம் கூட்டல் 24 சதவீதம். பெட்ரோல் எரிவதற்கு ஏற்ற விகிதம், எடைக் கணக்கில், ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. அந்த விகிதம் குலையாமல் இருக்கக் கணினி தான் கணக்கிட்ட பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. அந்தத் திருத்தத்தின் அளவே டிரிம். பத்து சதவீதத்துக்குள் அது ஏறி இறங்குவது இயல்பு. 24 என்றால், தன் கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைகிறது என்று எண்ணிக் கணினி கிட்டத்தட்டக் கால் பங்கு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கிறது.

ஆக்சிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தியபோது அதே எண் ஐந்துக்கு இறங்கியது. எனக்கு வழி காட்டியது இதுதான். ஐட்லிங்கில், அதாவது கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, காற்று வரும் வழியின் கதவான த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டில் வெற்றிடம் வலுவாக இருக்கும். உள்ளே போகும் மொத்தக் காற்றும் மிகக் குறைவு. அப்போது ஒரு சிறு விரிசல் வழியே நுழையும் காற்றுகூடப் பெரிய பங்காகிவிடும். ஆர்பிஎம் ஏறி, த்ராட்டில் வழியே காற்று நிறையப் போகும்போது, அதே கசிவு ஒரு பொருட்டே அல்ல. மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து சுமை ஏறும்போது டிரிம் கூடினால், பெட்ரோல் பம்பையோ அடைபட்ட ஃபில்டரையோ அழுக்கேறிய காற்று சென்சாரையோ சந்தேகிக்கலாம்.

அப்படியானால் முந்தைய மெக்கானிக்குகள் ஏன் கசிவைக் காணவில்லை என்று கேட்பாய். நான் ஒவ்வொரு முறையும் காரை ஓட்டிக்கொண்டுதான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே சேரும்போது எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. விளக்கு எரிந்ததோ 58 டிகிரியில், காலையில் காரை எடுத்து வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த நேரத்தில். ஆகவே மூன்றாவது மெக்கானிக்கிடம் காரை ஓர் இரவு முழுவதும் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை எஞ்சினை இயக்காமலே, காற்று நுழையும் பாதையான இன்டேக்கினுள் புகையைச் செலுத்தினார். நான் அருகில் நின்று டார்ச் பிடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேனிஃபோல்டின் பின்புறத்திலிருந்து, ஊதுவத்திப் புகை போல ஒற்றை இழை ஒன்று நெளிந்து மேலே வந்தது.

எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய், முழங்கைபோல வளையும் இடம். மேலிருந்து பார்த்தால் புதிது போல இருந்தது. கழற்றித் திருப்பியபோது, எண்ணெய் பட்டு ஊறிய அடிப்பக்கத்தில் நகத்தின் நீளத்துக்கு ஒரு விரிசல். கட்டைவிரலால் அழுத்தினால் வாய் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. குளிர்ந்திருக்கும்போது ரப்பர் விறைத்து விரிசல் திறந்தே நிற்கிறது. சூடேறி இளகியதும் தானே பொருந்திவிடுகிறது. அந்தக் குழாயை மாற்றி எட்டு மாதம் ஆகிறது. டிரிம் இப்போது மூன்றில் நிற்கிறது. கழற்றிய குழாயை எறிய மனம் வராமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் அதன் அருமை தெரியவில்லை.

இனி உன் காருக்கு வருகிறேன். விளக்கு பத்து நாளுக்கு ஒருமுறை வருவதால் பழுதும் விட்டுவிட்டு வருகிறது என்று எழுதியிருக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. உன் கோடு பி0420. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்கிறது. கோடை நீ அழித்ததும் கணினி தன் சோதனைகளையெல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. கன்வெர்ட்டர் சோதனை நடக்க எஞ்சின் நன்கு சூடேறி, கார் சீரான வேகத்தில் சற்று நேரம் ஓட வேண்டும். அதுவும் இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து தோற்றால்தான் பொதுவாக விளக்கு எரியும். நீயோ பெரும்பாலும் பக்கத்திலேயே போய்வருகிறாய். ஆக, பத்து நாள் என்பது சோதனை முடிய ஆகும் காலம். பழுது அத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கும். உண்மையிலேயே நீங்கியிருந்தால், நீ தொடாமலே, பொதுவாக மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து தேறியதும் விளக்கு தானாக அணைந்திருக்கும்.

அதற்காக உடனே கன்வெர்ட்டரை மாற்றிவிடாதே. அது விலை கூடிய பாகம். உன் காரும் என்னுடையதைப் போலப் பழைய வகை சென்சார் கொண்டது என்பதால், ஸ்கேனரில் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள ஆக்சிஜன் சென்சார் இரண்டின் வரைபடத்தையும் ஒன்றாக வைத்துப் பார். முன்னது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். பின்னது ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே குதித்தால் கன்வெர்ட்டர் மீதான சந்தேகம் வலுக்கும். ஆனாலும், முதலில் சைலன்ஸர் பைப்பின் இணைப்புகளில், பின் சென்சாருக்கு முன்னால், கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல். அங்கே உள்ளிழுக்கப்படும் வெளிக்காற்று சென்சாரை ஏமாற்றிவிடும்.

இன்னொன்று, உன் கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்த வரி: எஞ்சின் ஆயில் அடிக்கடி குறைகிறது, ஊற்றிக்கொண்டே இருக்கிறேன் என்று. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எரியும் ஆயிலின் படிவு கன்வெர்ட்டரின் உட்பரப்பை மெல்ல மூடிக் கெடுக்கும். ஆயில் எங்கே போகிறது என்று அறியாமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். விளக்கு நிலையாக எரியாமல் கண்சிமிட்டினால் மட்டும் காத்திருக்காதே. மிஸ்ஃபயர் ஆகி, அதாவது சிலிண்டரில் கலவை சரியாக எரியாமல் போய், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரில் போய் எரிகிறது என்று பொருள். ஆக்சிலேட்டரை விட்டு, பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடு.

அடுத்த முறை எரியும்போது ஸ்கேனரின் அழிக்கும் பொத்தானைத் தொடாமல், ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தையும் இரண்டு சென்சார்களின் வரைபடத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது என்பதையும் இன்றிலிருந்தே குறித்து வை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்