கடைசிப் பந்திக்கு முன்னால் ஒரு போன்

சென்னையில் கல்யாண மண்டபம் நடத்துகிறவர்களுக்கும், கேட்டரிங் காண்ட்ராக்டர்களுக்கும், அடுப்படியில் நிற்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

மீந்த சாப்பாட்டை வாங்கி ராத்திரியில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேனில் போகிறவன் நான். உணவு வங்கி என்று பெயர் வைத்திருக்கிறோம். 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் முதல் உணவு வங்கி தொடங்கியபோது, கடைகளில் விற்காமல் ஒதுக்கிய சரக்கை வாங்கி அடுக்கினார்கள். எங்களுக்கு வருவதில் பெரும்பகுதி சமைத்த சோறு. பத்து மணிக்கு வாங்கியதைப் பன்னிரண்டுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும். இருப்பு வைக்கவே முடியாத வங்கி!

மளிகையும் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. பிறந்தநாள், திதி என்று அரிசி மூட்டை இறக்குகிறவர்கள் உண்டு. சில அடுக்குமாடிகளில் அந்தக் காலத்துப் பிடி அரிசி மாதிரி வீட்டுக்கு வீடு கொஞ்சம் எடுத்து வைக்கிறார்கள். கோயம்பேட்டில் தெரிந்த வியாபாரிகள் லேசாக நசுங்கிய தக்காளியைத் தருவார்கள். ஆனால் வேன் நிறைவது உங்களால்தான். ஆவணி முகூர்த்தத்தில் ஒரே ராத்திரி நாலு மண்டபம் கூப்பிடும். ஆடியிலும் மார்கழியிலும் போனே அடிக்காது. அப்போது அந்த அரிசி மூட்டையைப் பிரித்து நாங்களே உலை வைக்கிறோம்.

போன வைகாசியில் ஒரு மண்டபத்திலிருந்து பதினொன்றே முக்காலுக்கு அழைப்பு. போனால் இரண்டு அண்டா சாம்பார், ஒரு அண்டா சோறு. கரண்டியை விட்டுக் கிளறியதுமே புளித்த வாடை. பந்தியில் சுற்றிய வாளிகளில் மிச்சமிருந்ததை, கையோடு அண்டாவிலேயே திருப்பி ஊற்றியிருக்கிறார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பாத்திரம் கழுவ வேண்டுமே என்ற அவசரம். அத்தனையையும் கொட்டினோம். அன்றைக்கு பெரியாஸ்பத்திரி வாசலில் நோயாளிக்குத் துணையாக வந்து படுத்திருந்தவர்களுக்குப் பன்னும் வாழைப்பழமும்தான்.

அதனால் கேட்கிறேன். கடைசிப் பந்தி உட்காரும்போதே ஒரு போன் போடுங்கள். எவ்வளவு மிஞ்சும் என்று அந்த நேரத்தில் மாஸ்டருக்குக் கண்ணாலேயே தெரிந்துவிடும். பந்திக்குப் போகாததைத் தனியாக மூடி, சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் வையுங்கள். சாதத்தில் தயிரைக் கலந்துவிடாதீர்கள். தேங்காய் அரைத்த கூட்டும் சட்னியும் எங்களுக்கு வேண்டாம், சென்னைப் புழுக்கத்தில் முதலில் போவது அதுதான். புளியோதரை இருந்தால் சந்தோஷம்.

‘யாருக்காவது வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நம் தலையில் விழுமே’ என்று சிலர் தயங்குகிறீர்கள். நியாயமான பயம். மீந்த உணவை வாங்கிக் கொடுப்பதற்கென்றே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. வாங்குகிற அமைப்பு பதிவு செய்திருக்க வேண்டும். சாப்பாடு கேட்டு யார் வந்தாலும், நாங்களே வந்தாலும், முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அப்புறம், அடுப்படிச் சுவரில் பால்காரர் எண்ணும் கேஸ்காரர் எண்ணும் எழுதியிருப்பீர்களே, அதற்குப் பக்கத்தில் எங்கள் எண்ணுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். அண்டாவை மறுநாள் காலையிலேயே கழுவிக் கொண்டுவந்துவிடுகிறோம். மூடியோடு.