எட்டாம் நாள் கோடு

பாம்பன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. தேவிபட்டினத்தில் நண்டு நிறைய விழுகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே நான்கு நாளாகக் காற்று. வள்ளங்கள் எல்லாம் கரையில்தான் கிடக்கின்றன. அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை.

அப்புறம், நீ கடைசியில் எழுதிய நாலு வரிக்காகத்தான் இந்தக் கடிதமே. போன மாதம் தீட்டு வந்த எட்டாம் நாளே, முட்டை வெடிக்கும் நேரம் பார்க்கிற சிறுநீர் ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தும் தங்கவில்லை, என் உடம்பில்தான் குறை என்கிறாய். அப்படிச் சொல்லாதேடி.

எனக்கும் இதே கதைதான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை, முட்டை வளரக் கொடுக்கும் குளோமிஃபீன் மாத்திரை. மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் ஸ்ட்ரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீழ்க்கோடு மேல்கோட்டைவிடக் கருத்திருந்தது. கை நடுங்கியது. அவரைக் கடலுக்குப் போகவிடாமல் நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஸ்கேனில் முட்டை இருக்கும் பை 11 மில்லிமீட்டர்தான். 18, 20 வரை வளர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் படுத்தபடியே அழுதேன்.

அவர்தான் விளக்கினார். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதாக அந்த மாத்திரை மூளையை நம்பவைக்குமாம். அதனால் முட்டையை வெடிக்கவைக்கும் எல்.எச். என்ற ஹார்மோன் கூடும். ஸ்ட்ரிப் காட்டுவது எல்.எச்.சை மட்டும்தான், மாத்திரையால் கூடியதா, முட்டை வெடிக்கப்போவதால் கூடியதா என்று அதற்குத் தெரியாது. அதனால் கடைசி மாத்திரைக்குப் பிறகு மூன்று நாள் முழுசாகப் போகட்டும். ஏழாம் நாளோடு மாத்திரை முடிந்தால் பதினோராம் நாளிலிருந்து பார். அப்போது கருத்தால், 24 முதல் 36 மணி நேரத்தில் பெரும்பாலும் வெடித்துவிடும். பார்ப்பதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் தண்ணீரை அள்ளிக் குடிக்காதே, கோடு வெளுத்துவிடும்.

உனக்கு நீர்க்கட்டி வேறு இருக்கிறது. அதிலேயே எல்.எச். கூடுதலாக இருக்கலாம், கோட்டை மட்டும் நம்பாமல் ஸ்கேனுக்குப் போ. முட்டை வெடிக்க ஹெச்.சி.ஜி. ஊசி போட்டால் ஸ்ட்ரிப்பைத் தொடவே வேண்டாம், ஊசியாலேயே கோடு விழும். கர்ப்பப் பரிசோதனையும் இரண்டு வாரம் கழித்துத்தான். அவசரப்பட்டுப் பார்த்து, அந்த ஊசியால் விழுந்த கோட்டை நம்பி, தங்கிவிட்டது என்று ஒருமுறை நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், செல்வி. அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனக்கும் இன்னும் தங்கவில்லை. உன் மாமியார் விசேஷம் உண்டா என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய்விடு. அடுத்த ஸ்கேனுக்கு ராமநாதபுரம் போகும் நாளை எழுது. நானும் வருகிறேன், பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

உன்
மேரி