சட்டை ஏன் தாமதமாகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் மதுரை கே.கே.நகர் அன்பர் ஒருவர் கைத்தறி ஆடைக்காரர்களைப் பிடிபிடியென்று பிடித்திருந்தார். "இயற்கைப் பருத்தி, நெசவாளருக்கு நியாயக் கூலி என்று விளம்பரம் செய்கிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஒன்றரை மாதம் இழுத்தடிக்கிறார்கள். விளக்குத்தூண் பக்கம் போனால் பத்து நிமிடத்தில் சட்டை வாங்கிவிடலாம்" என்பது அவர் ஆதங்கம். அவர் ஆர்டர் கொடுத்தது எந்த நிறுவனத்திடம் என்று எனக்குத் தெரியாது. வில்லாபுரத்தில் அதே மாதிரியான சின்ன நிறுவனம் ஒன்றில் நூல் கொள்முதலும் சரக்கு அனுப்புவதும் என் பொறுப்பு. ஆகவே அந்தத் திட்டில் எனக்கும் பங்கு உண்டு என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தாமதம் உண்மைதான். எங்கே தாமதமாகிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

சாதாரணத் துணிக்கு நூல் தட்டுப்பட்டால் கவலையில்லை. இந்த ஆலையில் இல்லையென்றால் ராஜபாளையத்தில் இன்னொரு ஆலை, அதுவும் இல்லையென்றால் வியாபாரி. ஒரு போன் அடித்தால் வண்டி வந்துவிடும். சான்று பெற்ற இயற்கைப் பருத்தி நூலில் அது நடக்காது. பஞ்சு அரைவை ஆலையிலிருந்து நூற்பாலைக்கு, நூற்பாலையிலிருந்து எங்களுக்கு என்று சரக்கு கைமாறும் ஒவ்வொரு முறையும் "இந்த லாட், இத்தனை கிலோ" என்று பரிவர்த்தனைச் சான்றிதழ் வேண்டும். நடுவில் ஒரு காகிதம் வராவிட்டால், நூல் கண்ணெதிரே குடோனில் கிடந்தாலும் அதை இயற்கைப் பருத்தி என்று விற்கக்கூடாது. இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். 2020-ல் இந்தியப் பருத்தி 20,000 டன் போலிச் சான்றிதழில் இயற்கைப் பருத்தியாகக் காட்டப்பட்டதை, இயற்கை இழைத் துணிகளுக்கு உலக அளவில் தரம் வகுக்கும் ஜிஓடிஎஸ் அமைப்பே கண்டுபிடித்து வெளியிட்டது. அப்படியிருக்கும்போது கெடுபிடி வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

அப்புறம் ஆலை. இயற்கைப் பஞ்சை ஓட்டுவதற்கு முன் அந்த வரிசை இயந்திரங்களில் ஒட்டியிருக்கும் மற்றப் பஞ்சை முழுவதும் சுத்தம் செய்தாக வேண்டும். எங்களுக்கு ஒரு தடவைக்கு வேண்டியது இருநூறு கிலோ, மிஞ்சினால் முந்நூறு. அதற்காக இயந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்ய எந்த ஆலைக்குக் கட்டுப்படியாகும்? பெரிய ஆர்டர் ஒன்று வரும்வரை நாங்கள் வரிசையில் நிற்கிறோம். அதிலும் எங்கள் கைத்தறிக்கு வேண்டியது கட்டுக்கட்டாக வரும் சிட்டா நூல், ஆலைக்கு வசதி கூம்பில் சுற்றித் தரும் கோன் நூல். உள்நாட்டுக்கு விற்கும் நூலில் இத்தனை சதவீதம் சிட்டாவாகத் தர வேண்டும் என்று ஆலைகளுக்கு விதி இருக்கிறது. அந்த அளவு 40 சதவீதமாக இருந்தது. 2019-ல் 30 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

இனி அருப்புக்கோட்டைப் பக்கம் வாருங்கள். எங்களுக்கு நெய்யும் குடும்பங்கள் அங்கேதான். தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஏறியிருக்கும்போது குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்தால் வேறு லாட் நூலை எடுத்து நெய்துவிட முடியாது. அவுரி, கடுக்காய், மஞ்சிட்டி என்று இயற்கைச் சாயம் போட்ட நூல் லாட்டுக்கு லாட் நிறம் மாறும். சேர்த்து நெய்தால் துணியில் பட்டை அடித்துவிடும். ஆகவே தறி நிற்கும். "அக்கா, ஊடை ரெண்டு நாளைக்குத்தான் வரும், அதுக்கப்புறம் நான் என்ன செய்ய?" என்று போன் வரும்போது என்னிடம் பதில் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் நூல் இருந்தும் வேலை ஓடாது. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க விடியற்காலையில் மழை விட்டிருக்க வேண்டும்.

தறி நின்ற நாளுக்கு யார் பணம் தருவது? என்னைக் கேட்டால் நியாய ஆடை என்று சொல்லிக்கொள்கிறவர்களைச் சாயத்தையும் பருத்தியையும் வைத்து எடைபோடுவதைவிட இந்த ஒரு கேள்வியை வைத்து எடைபோடலாம். 2020-ல் கொரோனா வந்ததும் வங்கதேசத் தொழிற்சாலைகளில் தைத்து முடித்த சரக்கைக்கூட வேண்டாம் என்று சொன்ன வெளிநாட்டு நிறுவனங்கள் உண்டு. 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர்கள் ரத்தாகிவிட்டன அல்லது நிறுத்திவைக்கப்பட்டன என்று அந்நாட்டு ஏற்றுமதியாளர் சங்கம் சொன்னது. நஷ்டம் கடைசியில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்த பெண்கள் தலையில் விழுந்தது.

எங்கள் முதலாளி ஒரு விதி வைத்திருக்கிறார். நூல் எங்களால் தாமதமாகித் தறி நின்றால் அந்த நாட்களுக்குப் பாதிக் கூலி உண்டு. கணக்கு எழுதும் எனக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கிற விதி, அவரிடம் சண்டையும் போட்டிருக்கிறேன். ஆனால் 2022-ஐ நினைத்தால் வாயை மூடிக்கொள்வேன். அந்த மே மாதத்தில் பருத்தி ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஆலைகள் நூலுக்கு ஒரே மூச்சில் கிலோவுக்கு 40 ரூபாய் ஏற்றின. திருப்பூர்க்காரர்கள் இரண்டு நாள் தொழிலையே நிறுத்திப் போராடினார்கள். நாங்கள் பழைய விலையில் ஆர்டர் வாங்கி வைத்திருந்தோம். மீட்டர் கூலியில் கைவைத்திருந்தால் ஒரே நாளில் கணக்கு நேராகியிருக்கும். முதலாளி கூலியைத் தொடவில்லை. வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "விலையைக் கொஞ்சம் ஏற்றித் தாருங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். சிலர் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

வெளிநாட்டுக்குப் போவது எங்கள் சரக்கில் கொஞ்சம்தான். அதிலும் அடி விழுந்தது. 2023 டிசம்பரில் செங்கடல் தாக்குதல்களுக்குப் பயந்து கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய் ஐரோப்பாவுக்குப் போகிற பெட்டி பத்து, பதினைந்து நாள் பிந்தியது. கோடைச் சட்டை கோடை பாதி முடிந்து கடைக்குப் போனால் யார் வாங்குவார்?

கே.கே.நகர் அன்பர் சொன்னதில் ஒரு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனை எடுக்காமல் இருப்பதற்கு எந்தச் செங்கடலும் காரணம் ஆகாது. நூல் கையில் இல்லாமல் தேதி சொல்லக்கூடாது. பாதிப் பணம் வாங்கி, பாவு தறியில் ஏறிய பிறகு நாள் குறித்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு அரசு மனம் வைக்க வேண்டும். தேசிய கைத்தறி வளர்ச்சிக் கழகம் ஆலைவாசல் விலைக்கே நெசவாளர்களுக்கு நூல் தருகிறது, சிட்டா நூலுக்கு மானியமும் இருக்கிறது. அதே ஏற்பாட்டில் சான்று பெற்ற இயற்கைப் பருத்திச் சிட்டா நூலையும் மதுரையில் இருப்பு வைத்து 50 கிலோ, 100 கிலோவாகக் கொடுக்கலாம். மதுரை, அருப்புக்கோட்டை, சின்னாளபட்டி, பரமக்குடி என்று சிதறிக் கிடக்கும் சின்ன நிறுவனங்களின் தேவையைக் கூட்டினால் ஆலைக்கும் இயந்திரத்தைச் சுத்தம் செய்து ஓட்டக் கட்டுப்படியாகும். கைத்தறித் துறை அதிகாரிகள் எங்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடட்டும். இலவசமாக எதுவும் கேட்கவில்லை, முன்பணத்தோடு வருகிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் கூப்பிட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகி,
வில்லாபுரம், மதுரை